சிறுபோகப் பங்கும் அக்காவின் கல்யாணமும்

மாரியில் விதைக்கிற காலபோக நெல்லுக்கு மழை கைகொடுக்கும். கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்குத்தான் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தில் கணக்கு. குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, கூட்டம் வைத்து, காணிக்கு இவ்வளவுதான் விதைக்கலாம் என்று பங்கு பிரிப்பார்கள். இந்த முறை கிடைத்த பங்கில் ஒரு துண்டை அப்பா பக்கத்து வீட்டு அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார். 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் கணவரை இழந்தவர் அவர். குத்தகை என்று ஒரு மூடை நெல்கூட அப்பா கேட்கவில்லை.

கொழும்பில் வேலை செய்கிற என் மகனுக்கு இது விளங்கவில்லை. "அப்பப்பா, ஒரு கடதாசித் துண்டிலயாவது எழுதி வாங்குங்கோவன்" என்றான். "மெனிக்பாம் அகதி முகாமில அந்தப் பிள்ளை தந்த அரிசியிலதான் உனக்குக் கஞ்சி வைச்சனாங்கள். அவள் எழுதியே வாங்கினவள்?" என்று அப்பா கேட்டார். அதில் நான் அப்பா பக்கம்தான். ஆனாலும் மகனைச் சுயநலக்காரன் என்று சொல்ல மாட்டேன். நுண்கடன் கட்டுக்காசுக்காக ஆட்கள் வாசலில் வந்து நின்ற கிழமைகளைப் பார்த்து வளர்ந்தவன். வாய்ப்பேச்சை அவன் நம்பாததற்குக் காரணம் இருக்கிறது.

சித்திரையில் அதே அக்காவைத் துணுக்காய்ப் பக்கத்து ஆள் ஒருவர் கல்யாணம் கேட்டு வந்தார். அவரும் மனைவியை இழந்தவர். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "வளர்ந்த பிள்ளையை வைச்சுக்கொண்டு இதென்ன வேலை" என்றார். மகனோ அன்றிரவே அக்காவுக்கு ஃபோன் எடுத்து, "அன்ரி, நீங்கள் செய்யுங்கோ. சாட்சிக் கையெழுத்து நான் வைக்கிறன்" என்றிருக்கிறான்.

அதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. பதினைந்து வருசத்துக்கு மேலாக அவருக்கு அரிசி, நெல், விறகு எல்லாம் கொடுத்திருக்கிறோம். தனியாக இருக்கக் கஷ்டமா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. நல்ல காரியங்களுக்குப் போனால் அவர் தானாகவே பின்னுக்குப் போய் நிற்பார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இப்படி எத்தனை பெண்கள்! இளம் பிள்ளைகளுக்குப் பண்பாடு தெரியாது என்று எழுதுகிறவர்கள், அந்தப் பெண்களிடம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு எழுதுங்கள்.

ஆனியில் கல்யாண எழுத்து நடந்தது. மகன் லீவு போட்டு வந்து கையெழுத்து வைத்தான். அப்பா வரவில்லை. அன்றைக்கு அக்காவின் துண்டுக்குத் தண்ணீர் முறை. நாங்கள் திரும்பி வரும்போது, அப்பா மண்வெட்டியோடு அங்கே நின்று வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.