போர்டு மார்க் சுமார், ஜேஇஇ பரவாயில்லை: சீட் கிடைக்குமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்தக் கேள்வி கிளம்பிவிடும். "போர்டுல சுமார்தான் சார், ஆனா ஜேஇஇ மெயின்ல 95 பர்சன்டைல். நல்ல காலேஜ் கிடைக்குமா?" மார்க்கையும் பர்சன்டைலையும் மட்டும் கேட்டுவிட்டு "கண்டிப்பா கிடைக்கும்" என்றோ "கஷ்டம்தான்" என்றோ சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். அக்கறையோடு சொல்கிற சித்தப்பாவாக இருந்தாலும் சரி, ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்கிற கன்சல்டன்டாக இருந்தாலும் சரி. அந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஒரே மார்க் ஷீட்டை ஒவ்வொரு கவுன்சலிங்கிலும் வேறு வேறு கணக்கில் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் போர்டு மார்க்தான் எல்லாம்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. அங்கே 95 பர்சன்டைலைக் காட்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. என்ஐடி என்கிற மத்திய அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜோசா கவுன்சலிங்கில் நேரெதிர். ஜேஇஇ நுழைவுத்தேர்வு ரேங்க்தான் வரிசையை முடிவு செய்யும். போர்டில் 75 விழுக்காடு தாண்டியிருக்க வேண்டும், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு 65. தாண்டிவிட்டால் 76 வாங்கியவரும் 99 வாங்கியவரும் ஒன்றுதான். நீட் எழுதுகிறவர்களுக்குப் போர்டு மார்க் இன்னும் லேசான விஷயம். பொதுப்பிரிவுக்கு 50 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 இருந்தால் போதும்.

இதுவும் நிலையான கணக்கு இல்லை. தமிழ்நாட்டிலேயே நுழைவுத்தேர்வு இருந்த காலத்தில் போர்டுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று 300-க்குத்தான் கட் ஆஃப் போட்டார்கள். 2006-ல் வந்த சட்டத்தோடு அது போனது. போனது நல்லதுக்குத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்; கோச்சிங் சென்டரே இல்லாத ஊர்ப் பிள்ளைகள் கிண்டி இன்ஜினியரிங் காலேஜுக்குள் போக அது வழிவிட்டது. அந்தப் பக்கம் ஜேஇஇ-ல் 2013 முதல் 2016 வரை போர்டு மார்க்குக்கு 40 விழுக்காடு எடை கொடுத்தார்கள், 2017-ல் எடுத்துவிட்டார்கள். கொரோனாவால் 2020 முதல் 2022 வரை 75 விழுக்காடு விதியே இல்லை, 2023-ல் திரும்ப வந்தது. அதனால் "எங்க அண்ணன் பையனுக்கு 70 பர்சன்ட்லயே கிடைச்சுதே" என்று யாராவது சொன்னால், எந்த வருஷம் என்று முதலில் கேளுங்கள்.

இந்த 75-ல்தான் பல வீடுகள் தேவையில்லாமல் மனம் உடைகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டேட் போர்டு மாணவி ஒருத்தி. தமிழ் 86, ஆங்கிலம் 69, கணிதம் 78, இயற்பியல் 70, வேதியியல் 74, கம்ப்யூட்டர் சயன்ஸ் 71. மொத்தம் 600-க்கு 448. வகுத்தால் 74.67. வீட்டில் எல்லாரும் "அய்யோ, ரெண்டு மார்க்ல போச்சே" என்பார்கள். ஆனால் ஜோசா ஆறு பாடத்தையும் கூட்டுவதில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம், மொழிப்பாடங்களில் எதில் அதிகமோ அது, மிச்சத்தில் ஒன்று, ஆக ஐந்துதான். 70, 74, 78, 86, 71. மொத்தம் 379, அதாவது 500-க்கு 75.8. பாஸ். இதிலும் வரவில்லை என்றால்கூட அந்தந்த போர்டில் முதல் 20 பர்சன்டைலுக்குள் இருந்தால் போதும் என்று இன்னொரு வழி இருக்கிறது. அதற்கு எத்தனை மார்க் வேண்டும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும்.

ஆனால் இதே மாணவிக்குத் தமிழ்நாட்டுக் கட் ஆஃப் 150. பொதுப்பிரிவில் அதை வைத்துக்கொண்டு கிண்டியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கேட்பதில் அர்த்தமில்லை. ஒரு கவுன்சலிங்கில் அவள் தகுதியான போட்டியாளர், இன்னொன்றில் பின்வரிசை.

சரி, 95 பர்சன்டைல் என்றால் என்ன? சுமார் 14 லட்சம் பேர் எழுதுகிற தேர்வு. நமக்கு மேலே 5 விழுக்காடு பேர் என்றால் ஏறக்குறைய 70 ஆயிரம் பேர். 99 வாங்கினாலும் மேலே 14 ஆயிரம் பேர் நிற்பார்கள். 31 என்ஐடிகளையும் சேர்த்தால் சுமார் 24 ஆயிரம் இடங்கள். 95 என்ற எண் பார்க்க அழகாக இருக்கும், ரேங்க்காக மாற்றிய பிறகுதான் நிலவரம் புரியும். ஆகவே பொதுப்பிரிவில் 95-ஐ வைத்துக்கொண்டு திருச்சி என்ஐடி கனவு வேண்டாம்.

ஆனால் இங்கேயும் ஒரே வரிசை இல்லை. என்ஐடியில் பாதி இடங்கள் அந்த மாநில மாணவர்களுக்கு. திருச்சியில் நமக்கு அந்தச் சலுகை உண்டு. காரைக்கால் என்ஐடி நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது புதுச்சேரிக் கணக்கு, அங்கே நாம் வெளிமாநிலம். காஞ்சிபுரத்தில் இருக்கும் மத்திய அரசுக் கல்லூரியான ஐஐஐடிடிஎம்-ல் உள்ளூர்ப் பங்கே கிடையாது. பெண்களுக்கான தனி இடங்களின் கடைசி ரேங்க்கை, அதாவது சீட் கிடைத்த கடைசி ஆளின் ரேங்க்கை, தனியாகப் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் இடங்கள் நிரம்பிய பிறகும் மெட்டலர்ஜி, புரொடக்ஷன் போன்ற பிரிவுகள் வெகுதூரம் போகும்.

எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. ஜோசா தளத்தில் ஓபிசி, எஸ்சி, எஸ்டி வரிசைகளில் இருக்கும் கடைசி ரேங்க், அந்தப் பிரிவுக்குள் இருக்கும் ரேங்க். பொது ரேங்க் இல்லை. தன்னுடைய பொது ரேங்க்கை அதோடு ஒப்பிட்டுவிட்டு "நமக்கு வராது" என்று விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள். ரேங்க்கைப் போட்டால் காலேஜ் சொல்லும் இணையப் பிரெடிக்டர்களை நம்பி ஏமாறுவதைவிட இது மோசம். என் யோசனை, ஜோசா தளத்திலேயே கடந்த மூன்று வருஷத்துக் கடைசிச் சுற்றை எடுத்து, உங்கள் பிரிவு, மாநிலம், பாலினம் மூன்றையும் பொருத்திப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். இதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

சாய்ஸ் கொடுக்கும்போது ஆசைப்பட்டதை மேலேயே போடுங்கள். "பெரிய காலேஜை முதலில் போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்" என்று ஒரு பயம் சுற்றுகிறது. அப்படி எதுவும் போகாது. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். நான்கைந்து சாய்ஸோடு நிறுத்திக்கொள்வதுதான் ஆபத்து. ஜோசா முடிந்த பிறகு மிச்ச இடங்களுக்கு சிசாப் சிறப்புச் சுற்றுகளும் வரும். 70 ஆயிரத்துப் பக்கம் ரேங்க் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். நம் ஊர் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் ஜோசாவுக்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி கிரீமி லேயர் (வசதியான பிரிவு) அல்லாதவர் என்ற சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். அது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், சரிபார்ப்பு நேரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்காதீர்கள்.