லென்ஸ் திரும்பியும் போகும்

"கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாளே பளிச்சென்று தெரியும்" என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அம்மாவுக்குத் தெரியவில்லை. போன வருடம் மும்பையில் டாரிக் லென்ஸ் (சிலிண்டர் பவரையும் சரிசெய்யும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்) வைத்தோம். நாலாம் நாள் தினசரி காலண்டர் முன்னால் நின்றுகொண்டு, "ராகுகாலம் 1.30ஆ, 7.30ஆடா?" என்று கேட்கிறார். எழுத்துக்கெல்லாம் சாய்வாக நிழல் விழுகிறதாம். வைத்த இடத்தில் கேட்டால், "வயசானவங்க, பழகிடும்" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். எரிச்சலாக வந்தது.

செம்பூரில் வேறொரு டாக்டர்தான் சொட்டு விட்டுக் கண் பாப்பாவை விரித்து, ஸ்லிட் லாம்ப் என்கிற உருப்பெருக்கிக் கருவியில் லென்ஸின் அடையாளப் புள்ளிகளைப் பார்த்தார். 20 டிகிரி திரும்பியிருந்தது! சாதா லென்ஸ் சுழன்றால் பெரிதாகப் பாதகமில்லை. டாரிக்கில் சிலிண்டர் பவருக்கு, அதாவது ஒரு திசையில் மட்டும் கூடுதலாக இருக்கும் பவருக்கு, அச்சு உண்டு. ஒரு டிகிரி விலகினால் சுமார் 3 சதவீதப் பலன் போச்சு, 30 டிகிரியில் மொத்தமும் காலி. லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பை இறுகி ஒட்டிக்கொள்ளுமுன் திருப்பி வைப்பது சுலபமாம். மூன்றாவது வாரம் திருப்பினார்கள். இப்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் கத்தரிக்காய்ச் சொத்தையை என்னைவிட முதலில் அம்மாதான் பார்க்கிறார்.

மறுநாள் செக்கப்பில் "அச்சு சரியா இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.