ஸ்டெம்மை நீட்டினால் ஸ்டீயரிங் மாறாதா?

அண்ணே, ரெகம்பன்ட் சைக்கிளில் (சாய்ந்து உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி ஓட்டும் சைக்கிள்) ஸ்டெம்மை, அதாவது ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டை, நீட்டி ஹேண்டில்பாரை மார்புப் பக்கம் கொண்டு வந்தால் தோள்வலி போகும், ஓட்டுவதில் ஒரு மாற்றமும் இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி சரி, கை எட்டிப் பிடிக்காமல் இருப்பதால் தோளுக்கு நிச்சயம் இதம்தான். இரண்டாவது பாதியை நம்பி யாராவது விழுந்துவிடுவார்கள்.

கைப்பிடி முன்சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து எவ்வளவு பின்னால் வருகிறதோ, அவ்வளவுக்கு அது சுழலாமல் பக்கவாட்டில் வீசும், படகுச் சுக்கானின் கைப்பிடியைப் போல. அச்சுக்கு 15 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் 10 டிகிரி திருப்பக் கை சுமார் 2.6 சென்டிமீட்டர் நகரும், 45 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 8. நேராகப் போகும்போது இது தெரியாது. சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூட்டத்துக்கு நடுவே மெதுவாக யூ டர்ன் போடும்போதுதான் ஒரு பக்கம் கை எட்டாது, மறுபக்கம் முழங்காலில் இடிக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது, அப்புறம் பழைய ஸ்டெம்முக்கே திரும்பி, இருக்கையின் சாய்வை மாற்றிய பிறகுதான் சரியானது.

இருக்கைக்குக் கீழே ஹேண்டில்பார் வைப்பதும் நல்ல வழி, தோள் தளர்ந்து கை பக்கத்தில் தொங்கும். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில்பாரை முன்சக்கர ஃபோர்க்கோடு சேர்க்கும் இணைப்புத் தண்டு வேண்டும், அதன் முனை மூட்டுகளில் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது.

எதை மாற்றினாலும் பிரேக் கேபிள் நீளத்தைப் பாருங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். இங்கே சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலிருந்து வேலை செய்யும் கைப்பிரேக் சட்டப்படியே கட்டாயம்.