ஏர் ஃப்ரையர்ல பஜ்ஜி வராது, பணத்தைக் கட்டறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க

வடசென்னையில வண்ணாரப்பேட்டை, மூலக்கடை, பெரம்பூர்னு எந்தப் பக்கம் ஹோம் அப்ளையன்ஸ் கடைக்குள்ள நுழைஞ்சாலும் முதல்ல கண்ணுல படறது ஏர் ஃப்ரையர் பெட்டிதான். பெட்டி மேல சிக்கன் படம், வடை படம், எண்ணெயே இல்லாம பொரிக்கலாம்னு கொட்டை எழுத்து. ஆறு பேர் சாப்பிடற வீட்டுக்கு, மாசத் தவணையில, கடாய்க்கு பதில் இதுன்னு சொல்லி தலையில கட்டறாங்க. பாக்கப் பாக்க வயிறு எரியுது. ஏன்னா அது பொரிக்கிற மிஷினே இல்ல.

மேல ஒரு ஹீட்டர் காயில், அதுக்கு மேல ஒரு ஃபேன், கீழ ஓட்டை போட்ட கூடை. சூடான காத்தை வேகமா சுத்த விடுது, அவ்வளவுதான். கேக் செய்யற கன்வெக்‌ஷன் ஓவன் பண்ற அதே வேலை, சின்ன டப்பாவுக்குள்ள. 2010ல ஃபிலிப்ஸ் கம்பெனி இதை ஏர் ஃப்ரையர்னு பேர் வெச்சு கொண்டு வந்துச்சு, அந்தப் பேரே எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு. உள்ள நடக்கறது காத்துல சுடறதுதான், எண்ணெயில பொரிக்கிறது இல்ல.

இதைச் சொல்லாம விக்கறதாலதான் முதல் ஞாயித்துக்கிழமையே பஜ்ஜி மாவைக் கரைச்சு கூடையில ஊத்தறாங்க. 180 டிகிரி எண்ணெயில மாவு விழுந்தா சில நொடியில மேல்தோல் இறுகிடும். எண்ணெய் சூட்டைக் கடத்தற வேகம் காத்தை விட பல மடங்கு அதிகம். அதே 180 டிகிரி காத்துல மாவு இறுக சில நிமிஷம் ஆகும், அதுக்குள்ள அது ஓட்டை வழியா கீழ வழிஞ்சு தட்டுல கட்டியாகிடும். மிஞ்சறது வாழைக்காய் சீவல் மேல வறண்டு போன கடலைமாவுப் பொருக்கு. மெதுவடையும் அப்படித்தான். உளுந்து மாவு எண்ணெயில உப்பி வர்றதுக்கு ஒரு முக்கியக் காரணம் சுத்தியும் ஒரே நேரத்துல பிடிக்கிற அந்த சூடு. காத்துல உப்பாது, கெட்டியாகும். பட்டர் பேப்பர் விரிச்சு ஊத்துனா வழியாது, ஆனா அடியில காத்தே போகாததால கீழ்ப்பக்கம் வெந்த மாவு, மேல்பக்கம் ஓடு.

எண்ணெயைக் குறைக்கணும்னு நெனைக்கிறது நியாயம். சுகர், பி.பி, ஹார்ட்டுன்னு வீட்டுக்கு ஒருத்தர் மாத்திரை போடறாங்க, காஞ்ச எண்ணெயத் திரும்பத் திரும்பக் காய வைக்கறதும் நல்லது இல்ல. அந்த பயத்தை வெச்சு வியாபாரம் பண்றாங்களே, அதுதான் தாங்கல. மசால் வடை மாவைப் பணியாரக் கல்லுல, குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, மூடி போட்டு ரெண்டு பக்கமும் திருப்பிச் சுட்டா மொறுமொறுன்னு வருது. இதை எந்தக் கடையும் சொல்லாது, கல்லு முன்னாடியே உங்க வீட்டுல இருக்கே.

மீனுக்கு வருவோம், நம்ம பக்கம் அதுதானே முக்கியம். காசிமேட்டுல விடிகாலையில போய் வாங்கிட்டு வர்ற வஞ்சிரத்தைக் கொண்டு போய் 200 டிகிரியில வெக்கச் சொல்லித் தர்றாங்க. அந்த சூட்டுல மிளகாய்த்தூள் முதல்ல கருகும், கசக்கும், உள்ள முள்ளு ஓரம் வேகாமலே இருக்கும். 180தான் வெக்கணும். விரல் தடிமன் துண்டா இருந்தா, நாலு துண்டுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெயை மசாலாவோடயே பிசைஞ்சு, அரை மணி ஊற வெச்சு, மிஷினை வெறுமனே 4 நிமிஷம் சூடேத்திட்டு, அப்புறம் உள்ள வெச்சு 6 நிமிஷம், திருப்பிப் போட்டு 5 நிமிஷம். எண்ணெயே போடலைன்னா மசாலா பச்சை வாசனையோட தூளாவே நிக்கும். மத்தியும் கானாங்கெளுத்தியும் இதுல நல்லாவே வரும், அதுங்களுக்கு உடம்புலயே எண்ணெய் இருக்கு. ஆனா அந்தக் கொழுப்பு கீழ சொட்டிப் புகையும், அடித்தட்டுல ரெண்டு மூணு ஸ்பூன் தண்ணி ஊத்தி வெக்கணும். நெத்திலியைப் போடவே போடாதீங்க. மேல தூவுன அரிசிமாவு ஃபேன் காத்துல பறந்துடும், மீன் காஞ்சு கருவாடு மாதிரி ஆகிடும். அடுப்படியில எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத ஒத்த ரூம் வீடுன்னா, பின்னாடி ஓட்டை வழியா அடிக்கிற மீன் கவிச்சி பாய் தலகாணி வரைக்கும் ஏறும்.

அதே வஞ்சிரம் தோசைக்கல்லுல மூணு ஸ்பூன் எண்ணெயில, பக்கத்துக்கு நாலு நிமிஷம். முடிஞ்சுது.

அடுத்தது லிட்டர் கணக்கு. நாலு லிட்டர், நாலரை லிட்டர்னு போடறாங்க. அது டப்பாவோட கொள்ளளவு. காத்து சுத்தணும்னா ஒரே அடுக்காத்தான் பரப்பணும், அப்ப கணக்கு கூடையோட தரைதான். ஜாண் அகலத் தரையில நாலு துண்டு மீன், இல்லைன்னா எலும்பில்லாத சிக்கன் முந்நூறு கிராம். ஆறு பேருக்கு ஒரு கிலோ சிக்கன் 65 போடணும்னா மூணு நாலு ஈடு, ஈட்டுக்கு 15 நிமிஷம், ஒரு மணி நேரம். கடாயில அரை லிட்டர் எண்ணெயில அரை மணிக்குள்ள முடியற வேலை. நேரமாகுதுன்னு ஒண்ணு மேல ஒண்ணு குவிச்சீங்கன்னா உள்ள ஆவி கட்டும், சிக்கன் அவிஞ்சு தண்ணி விட்டு வெளுத்து நிக்கும். மிஷின் ரிப்பேர்னு நெனைச்சு கடைக்குத் தூக்கிட்டு ஓடறாங்க பாவம். ரிப்பேர் இல்ல, டப்பா சின்னது.

இப்ப நெஜமாவே கோவம் வர்ற விஷயம், பிளக்கு. 1500 வாட் மிஷின் 230 வோல்ட்டுல ஆறரை ஆம்பியர் இழுக்குது. அடுப்படியில இருக்கற சின்ன சாக்கெட் 6 ஆம்பியர்தான். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடியில பழைய வாடகை வீடுங்கள்ல பலதுல அடுப்படியில ஒரே ஒரு சாக்கெட்டு, அதுலயே மிக்ஸி, அதுலயே ஃப்ரிட்ஜ். பெரிய பின் உள்ள போகலைன்னு சொன்னா, கடைக்காரர் 16 ஆம்பியரை 6 ஆம்பியராக்கற கன்வெர்ட்டர் பிளக்கை கையில குடுத்து அனுப்பறாங்க. எவ்வளவு தைரியம்! பின்னு மாறும், சுவத்துக்குள்ள இருக்கற மெல்லிசு ஒயர் மாறுமா? ரொம்ப நேரம் ஓடுனா சாக்கெட் சூடாகலாம், பின்னு கருக்கலாம், பிளாஸ்டிக் உருகற வாடை வரலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல மாட்டுனா இன்னும் மோசம். 16 ஆம்பியர் சாக்கெட்டு, அதுக்குன்னு தனியா குறைஞ்சது 2.5 ஸ்கொயர் எம்.எம் காப்பர் ஒயரு, தனி எம்.சி.பி (லோடு மீறுனா தானா விழற சுவிட்சு), சரியான எர்த்து. இது இல்லாத வீட்டுக்கு இந்த மிஷினை விக்கறதே தப்பு. ஒயர் இழுக்க வீட்டு ஓனர் ஒத்துக்கணும், எலக்ட்ரீஷியன் கூலி வேற. இந்தச் செலவு எந்த ஆஃபர் பேப்பர்லயாவது இருக்கா?

அதோட வோல்ட்டேஜ். கத்திரி வெயில்ல சாயங்காலம் தெருவே ஏ.சி போட்டதும் லோ வோல்ட்டேஜ் ஆகற சந்து எத்தனை! ஹீட்டர் காயிலோட சூடு வோல்ட்டேஜோட வர்க்கத்துக்குக் குறையும். 230 வர்ற எடத்துல 190 வந்தா 1500 வாட் காயில் ஆயிரத்துச் சொச்சம் வாட்தான் குடுக்கும், மூணுல ஒரு பங்கு போச்சு. ஃபேனும் மந்தமாகும். புக்குல போட்ட நேரத்தை விட அதிகமா ஆகும், அதுக்குள்ள உள்ளிருக்கற ஈரம் போய் மேல சிவக்காமலே மீன் வறண்டுடும். வெளிநாட்டு வீடியோவைப் பாத்து நேரம் வெக்கறவங்களுக்கு இதை யார் சொல்றது?

கரண்டு பில் பெருசா ஏறாது, அதை ஒத்துக்கணும். ஒரு ஈட்டுக்கு அரை யூனிட்டுக்கும் கம்மி. தினம் ஒரு ஈடு ஓட்டுனாலும் ரெண்டு மாசத்துக்கு முப்பது யூனிட்டுக்குள்ளதான். ஆனா பில்லு 500 யூனிட்டை ஒட்டி நிக்கற வீடுன்னா ஜாக்கிரதை. 500ஐத் தாண்டுனா முதல் யூனிட்டுங்களுக்குக் கிடைக்கற சலுகையில ஒரு பங்கு போயிடும்.

யாருக்கு இது லாபம்? ஒருத்தர், ரெண்டு பேர் இருக்கற வீடு, பெரிய சாக்கெட் இருக்கற வீடு. நேத்து வாங்குன சமோசா, பப்ஸ், மிஞ்சுன சிக்கனை 160ல அஞ்சு நிமிஷம் சூடு பண்ணா, மைக்ரோவேவ் மாதிரி தொளதொளன்னு ஆகாம மொறுமொறுப்பு திரும்பும். சேனையை அரைவேக்காடு எடுத்து, மசாலாவும் ரெண்டு ஸ்பூன் எண்ணெயும் பிசிறி 180ல 15 நிமிஷம், அருமையா வரும். உருளைக்கிழங்கு ஃபிங்கர் சிப்ஸுக்கு சுண்டுவிரல் தடிமனா வெட்டி, அரை மணி தண்ணியில போட்டு, துணியில ஈரம் போகத் துடைச்சு, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசிறி 160ல 10 நிமிஷம், குலுக்கி விட்டு 200ல 8 நிமிஷம். டெமோவுல பாக்கெட் உடைச்சுக் கொட்டிக் காட்டற ஃப்ரோசன் சிப்ஸை நம்பாதீங்க, அது ஃபேக்டரியிலயே எண்ணெயில ஒரு தடவை பொரிச்சது. மிஷின் எண்ணெய் கேக்கலைன்னு கைதட்டறது அதனாலதான். அப்பளத்தை மட்டும் சும்மா உள்ள போடாதீங்க, காத்துல எழும்பி காயில்ல ஒட்டித் தீப்பிடிக்கலாம். வெறும் பட்டர் பேப்பரும் அப்படித்தான்.

கூடையில இருக்கற நான்ஸ்டிக்கைக் கம்பி நாரு போட்டுத் தேய்க்கக் கூடாதுன்னும் கடையில சொல்றது இல்ல. வெந்நீரும் சோப்பும் ஊத்தி அரை மணி ஊற விட்டு ஸ்பாஞ்சால தொடைக்கணும். பிளக்கைக் கழட்டி, மிஷினை ஆறவிட்டு, கவுத்து, காயில்ல தெறிச்ச எண்ணெயையும் ஈரத்துணியால தொடைக்கணும், இல்லைன்னா அடுத்த தடவை போடும்போது வீடே புகை. கோட்டிங் உரிஞ்சா பெரும்பாலும் வாரண்டி கிடையாது, கூடை தனியா காசு குடுத்து வாங்கணும். அந்தக் கூடை இங்க சர்வீஸ் சென்டர்ல கிடைக்குமா, என்ன விலைன்னு பில் போடறதுக்கு முன்னாடியே வாய்விட்டுக் கேளுங்க. பதில் சொல்லத் தெரியலைன்னா பணத்தைப் பையிலயே வெச்சுட்டு வெளிய வந்துடுங்க.