மாயாண்டி பச்சோந்திப் பண்ணை

(மதுரை செல்லூரில் ஒரு வாடகை வீட்டுத் திண்ணை. சாயங்காலம். பாண்டிச்செல்வி பூக் கட்டிக்கொண்டிருக்கிறார். வெல்டிங் பட்டறையிலிருந்து மாயாண்டி வருகிறார். ஹெல்மெட் தலையில் இல்லை. கையில், துண்டு போட்டு மூடியபடி இருக்கிறது.)

செல்வி: ஏங்க, வண்டி வாங்குன நாள்ல இருந்து அந்த ஹெல்மெட்டைத் தொட்டதில்ல. இன்னைக்கு என்ன, மூடிக் கொண்டுட்டு வர்றீங்க?

மாயாண்டி: கத்தாத புள்ள. உள்ள லட்ச லட்சமா பணம் இருக்கு.

செல்வி: ஐயையோ! எவன் வீட்டுது?

மாயாண்டி: ச்சீ, பச்சோந்தி. நாகமலைப் புதுக்கோட்டைக்கு அங்கிட்டு ரோட்டைக் கடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு எட்டு எடுத்து வைக்கிறதுக்குள்ள முன்னயும் பின்னயும் நாலு ஆட்டம் ஆடுது. பஸ்காரன் ஹாரனை அமுக்குறான், அது ஒரு கண்ணால பஸ்ஸைப் பாக்குது, இன்னொரு கண்ணால என்னையப் பாக்குது. எடுத்து உள்ள போட்டுட்டேன்.

செல்வி: வேலில போற ஓணானை வேட்டிக்குள்ள விட்டவரு நீங்கதானா?

மாயாண்டி: அது வேலி, இது ரோடு. அது வேட்டி, இது ஹெல்மெட்டு. அது ஓணான், இது பச்சோந்தி. பழமொழி எனக்குப் பொருந்தாது.

செல்வி: பணம் எங்க இருந்து வரும்?

மாயாண்டி: டெக்சாஸ்ல உன் தம்பி ஏமன் நாட்டுப் பச்சோந்தியை வச்சுக்கிட்டு வீடியோ கால்ல என்னா பீத்து பீத்துறான்! நான் இதுக்கு ஒரு ஜோடி புடிச்சேன்னா, குட்டி, குட்டிக்குக் குட்டி. 'மாயாண்டி பச்சோந்திப் பண்ணை.' போர்டு வெல்டிங்கூட நம்ம பட்டறைலயே முடிஞ்சிரும்.

செல்வி: இது ஆணா, பொண்ணா?

மாயாண்டி: (யோசித்து) அதை மேனேஜ்மெண்ட் இன்னும் முடிவு பண்ணல.

செல்வி: (துண்டை விலக்கி) ஆணுன்னா பின்னங்கால் குதிகால்ல சேவலுக்கு இருக்காப்புல சின்ன முள்ளு நீட்டிக்கிட்டு இருக்கும்னு தம்பி சொல்லுவான். இதுக்கு இல்ல. பொம்பளை.

மாயாண்டி: ஆனா சரக்கு டூப்ளிகேட்டுன்னு நினைக்கிறேன். பட்டறைல மூணு கட்சித் துண்டை விரிச்சு, ஒவ்வொண்ணு மேலயும் விட்டுப் பாத்தேன். மூணுலயும் ஒரே கருப்பு! எங்க வட்டச் செயலாளரு இந்நேரத்துக்கு நாலு கலர் மாறிருப்பாரு.

செல்வி: துண்டைப் பாத்து எதுக்கு மாறணும்? அதோட மனசுக்கும் உடம்புச் சூட்டுக்கும் தக்கனதான் கலர் மாறும். காலைல கருத்துப் போய் வெயில் காயும், சூடு சீக்கிரம் ஏறணும்ல. பயந்தாலும் கருக்கும், கோவிச்சாலும் கருக்கும்.

மாயாண்டி: அப்ப என்னையப் பாத்து?

செல்வி: ரெண்டும்தான்.

மாயாண்டி: உள்ள பெயிண்டு டப்பாவா வச்சிருக்கு?

செல்வி: கருப்புக்குச் சாயம் இருக்கு, மேல பரவி வரும். மத்த கலருக்கெல்லாம் தோலுக்கடியில கண்ணுக்குத் தெரியாத படிகம் அடுக்கடுக்கா நிக்குது. அமைதியா இருக்கறப்ப அது நெருக்கியடிச்சு நிக்கும், நீல வெளிச்சம் திரும்பி வரும். தோல்ல ஏற்கெனவே மஞ்சள் இருக்கறதால நமக்குப் பச்சையாத் தெரியும். வீராப்பு வந்துட்டா படிகம் விலகும், மஞ்சள், ஆரஞ்சுன்னு ஏறும். மடகாஸ்கர் பச்சோந்தியை வச்சு ஜெனீவாவுல 2015-ல கண்டுபுடிச்சாங்களாம்.

மாயாண்டி: நான் வீட்டுக்குள்ள காலை வச்சதும் உங்கம்மா மூஞ்சி மாறுமே, அதுக்கும் படிகம்தானா?

செல்வி: அதுக்கு நீங்கதான் காரணம். படிகம் இல்ல.

மாயாண்டி: சரி விடு. நாளைக்கு ஒரு ஆம்பளையைப் புடிச்சிட்டு வந்து இதோட ஒரே கூண்டுல…

செல்வி: ஒரே கூண்டுலயா! தம்பி ஆணையும் பொண்ணையும் தனித்தனிக் கூண்டுல வச்சு, நடுவுல அட்டையை மறைச்சு வச்சிருக்கான். எந்நேரமும் ஒண்ணு மூஞ்சியில ஒண்ணு முழிச்சுக்கிட்டு இருந்தாலே ரெண்டுக்கும் சோறு இறங்காதாம்.

மாயாண்டி: (பெருமூச்சுடன்) நமக்கு எவனும் ஒரு அட்டை வச்சுக் குடுக்கலையே!

செல்வி: அட்டைக்கு அங்கிட்டுப் போய் நீங்களே துவைச்சுப் போட்டுக்குவீங்களா? பேச்சைப் பாரு. பொண்ணு தயாரா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ரெண்டையும் சேத்து விடுவான். ஆண் இருக்கிற கலரையெல்லாம் ஏத்திக்கிட்டு, உடம்பைத் தட்டையாக்கி அகலங் காட்டி, தலையை ஆட்டி ஆட்டி வரும். புடிச்சிருந்தா பொண்ணு பச்சை மாறாம மெல்ல நடக்கும். புடிக்கலைன்னா கருத்துப் போய், வாயைப் பொளந்து, ஒரு சீறு. அவ்வளவுதான், மாப்பிள்ளை நடையைக் கட்டணும்.

மாயாண்டி: பஜ்ஜி சொஜ்ஜி, தரகர் கமிஷன் ஒண்ணும் கிடையாதா?

செல்வி: பொண்ணு வயித்துல முட்டை இருந்தாலும் அதே சீறுதான். அந்த ஏமன் பொண்ணு மேலெல்லாம் கருப்பு ஏறி, மஞ்சளும் நீலமுமாப் புள்ளி புள்ளியா வந்துரும். 'ஆயிருச்சு, கிட்ட வராத'ன்னு அர்த்தம்.

மாயாண்டி: அப்ப ஓணானுக்குக் கழுத்து சிவக்குறது? நம்ம ரத்தத்தைத் தூரத்துல இருந்தே உறிஞ்சுதுன்னு சின்னப் புள்ளைல கல்லெடுத்து எறிவோமே!

செல்வி: அது பொண்ணு தேடுற ஆம்பளை ஓணான். ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

மாயாண்டி: அடப்பாவமே, எத்தனை கல்யாணத்தை நிறுத்திருக்கேன்!

செல்வி: (ஹெல்மெட்டுக்குள் குனிந்து) ஏங்க… வயித்தைப் பாத்தீங்களா? கட்டி கட்டியாப் புடைச்சிருக்கு.

மாயாண்டி: பட்டறைல வெட்டுக்கிளி குடுத்தேன். தின்னுச்சான்னு பாக்கல.

செல்வி: ஒரு வெட்டுக்கிளிக்கு இம்புட்டு வயிறா? முட்டைங்க! மரத்துலயே கெடக்குற ஜீவன் எதுக்கு ரோட்டுல நடந்துச்சு? மண்ணைத் தோண்டி முட்டை போட இடந் தேடிப் போயிருக்கு. புள்ளத்தாச்சியைக் கொண்டாந்து துண்டு மாத்தி விளையாண்டிருக்கீங்களே!

மாயாண்டி: (துள்ளி) அப்ப ஜோடியே வேணாம்! பண்ணை இன்னைக்கே திறப்பு விழா!

செல்வி: தோண்ட ஈர மண்ணு இல்லைன்னா முட்டை உள்ளயே சிக்கி ஆளே போயிரும். தம்பி ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் ரொப்பி வச்சிருக்கான். அவன் வளக்குற ஜாதி ஆம்பளையே இல்லாமகூட முட்டை போடும், பொரிக்காதுங்கறது வேற. அதனால எப்பவும் மணல் தயாரா இருக்கணும். சேந்து போட்ட முட்டையும் பொரிக்க ஆறு மாசத்துக்கு மேல ஆகும்.

மாயாண்டி: ஆறு மாசமா? கோழி 21 நாள்ல முடிச்சிருதேடி!

செல்வி: ஆறு மாசம் நீங்க வெளிய இருந்தாத்தான? நம்ம ஊருப் பச்சோந்தியை வீட்டுல வச்சிருந்தாலே குத்தம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அந்த போர்டை ஜெயில் வாசல்லதான் மாட்டணும்.

(மாயாண்டி அவசரமாக ஹெல்மெட்டை மூடுகிறார். உள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.)

மாயாண்டி: கெளம்பிட்டேன், கெளம்பிட்டேன்!

செல்வி: இருங்க. எந்தப் பக்கமாப் போய்க்கிட்டு இருந்துச்சு?

மாயாண்டி: மலைப் பக்கமா.

செல்வி: அப்ப ரோட்டுக்கு மலைப் பக்கமே, செடி மேல விடுங்க. மறுபடியும் ரோட்டைக் கடக்க வச்சிராதீங்க. இருட்டுறதுக்குள்ள போங்க.

மாயாண்டி: போலீஸ்காரன் மறிச்சு, ஹெல்மெட்டு கையில இருக்கே, ஏன் தலைல மாட்டலைன்னு கேட்டா?

செல்வி: துண்டை மட்டும் விலக்கிராதீங்க. ரெண்டு கேஸாயிரும்.

(வண்டி கிளம்புகிறது. செல்வியின் போன் அடிக்கிறது.)

செல்வி: சொல்லுடா தம்பி… மாமாவா? பொண்ணைப் பிரசவத்துக்கு அவுக அம்மா வீட்டுப் பக்கம் விடப் போயிருக்காரு… நம்ம பொண்ணு இல்லடா, ரோட்டுல பாத்த பொண்ணு… ஆமா, பைக்லதான், ஹெல்மெட்டுக்குள்ள வச்சு… டேய்! அழுவாதடா, முழுசாக் கேளு!