பிளேயர் மாட்டினீர்கள் சரி, மீதி ஸ்க்ரூ எங்கே?

“சத்தம் ஒண்ணும் கேக்கலயே பாஸ்!”

டேஷ்போர்டுக்குள் ஏதோ கிர்ரென்று அதிர்கிறது என்று காடியை (காரைத்தான்) கொண்டுபோய் விட்டால், பொமன், அதாவது மெக்கானிக், சொல்வது இது. கேட்காது. எப்படிக் கேட்கும்? ஒர்க்‌ஷாப் வாசலில் புதுத் தார் போட்டு வழவழவென்று கிடக்கிறது. அதிலேயே மெதுவாக ஓட்டி, மேல முனைக்குப் போய், யூ-டர்ன் அடித்து வந்து, சாவியைக் கையில் திணித்துவிட்டுச் சொல்கிற தீர்ப்பு இது. ஏர்கோன் நாலாம் நம்பரில். பிளேயரில் பாட்டு. சன்னல் பாதி இறக்கம். பின்சீட்டில் அவருடைய ஸ்பேனர் பெட்டி குலுங்குகிறது. இத்தனைக்கும் நடுவில் டேஷ்போர்டு ஓரத்து ‘கிர்ர்ர்’ பொமன் காதில் விழ, அது என்ன ரயில் எஞ்சினா?

“தோட்டத்து ரோட்டுல ஓட்டிப் பாருங்கண்ணே” என்றால் முகம் சுருங்கும். டயர் சேறாகுமாம். யாருடைய டயர்? பேராக்கில் பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உழுது போட்ட ரோட்டில்தான் நாம் தினமும் போய் வருகிறோம். சத்தம் வருவதும் அங்கேதான். மன்றாடினால் வருவார். தோட்டத்துக் கேட் தாண்டியதும் குழி, குழியில் ‘கிர்ர்ர்’. சரியாக அந்த நேரத்தில் அவருக்குப் போன் வரும். போனை வைக்கும்போது ரோடு முடிந்திருக்கும். பிறகு வரும் பாருங்கள் ஞானம்: “அது பிளாஸ்டிக் சத்தம் பாஸ், எல்லாக் காடியிலயும் இருக்கும். ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வைங்க.” கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று சக்கரத்துப் பக்கம் குலுக்கல் தாங்குகிற நாலு அப்சார்பரையும் மாற்றச் சொல்லி ஒரு விலைச்சீட்டு. டேஷ்போர்டு கிர்ரென்றால் அப்சார்பர்! நாளைக்குத் தலைவலி என்று போனால் முட்டியில் ஊசி போடுவார்.

பிளாஸ்டிக் தன்பாட்டுக்குச் சத்தம் போடாது. இரண்டு பொருள் தொட்டும் தொடாமலும் இருந்தால்தான் அதிரும். இறுக்கிப் பிடித்தாலும் சத்தமில்லை, விலக்கி வைத்தாலும் சத்தமில்லை. இந்தப் பிரச்சினைக்கு மொத்த வைத்தியமே இந்த இரண்டுதான். வெயிலில் நின்ற காடியில் பிளாஸ்டிக் விரிந்து இடைவெளி மாறும். அதனால் காலையில் வருகிற சத்தம் மத்தியானம் காணாமல் போகும். மத்தியானம் காட்டினால் எவனும் நம்ப மாட்டான்.

பெரும்பாலும் இந்த வில்லங்கம் பழைய ரேடியோ இடத்தில் தொடுதிரை ஆண்ட்ராய்டு பிளேயர் மாட்டிய அன்றைக்கே தொடங்குகிறது. கழற்றும்போது இரண்டு கிளிப்பின் கழுத்து உடையும். உடைந்ததைச் சொல்லாமல் கையால் ஒரு தட்டுத் தட்டி மூடிவிடுவார்கள். பக்கவாட்டுப் பிராக்கெட்டில் நாலு ஓட்டை இருந்தால் ஸ்க்ரூ இரண்டு. பின்னால் முழ நீளத்துக்கு வயர், ஜிபிஎஸ் வயர், கேமரா வயர், எல்லாம் அள்ளிச் சொருகல். சாக்கெட்டுகள் குழிக்குக் குழி பிளாஸ்டிக்கில் மோதாமல் என்ன செய்யும்?

ஆகவே நாமே பார்க்க வேண்டியதுதான். முதலில் கிளவ்பாக்ஸ், மூக்குக்கண்ணாடி வைக்கும் பெட்டி, சில்லறைக் குழி எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். ஜாக்கி இறுகியிருக்கிறதா பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீரும், வெளியில் சொல்ல மாட்டார்கள். பிறகு வேறொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தும்போது எங்கே நிற்கிறதோ அங்கேதான் குற்றவாளி. கதவுப் பலகை என்றால் காடியை நிறுத்திவிட்டு, போனிலிருந்து 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை ஒலியை மெல்ல ஏற்றி ஸ்பீக்கரில் விடுங்கள், தானாகக் காட்டிக்கொடுக்கும். நின்ற இடத்தில் எஞ்சின் வேகத்துக்குத் தகுந்தபடி தகரச் சத்தம் வந்தால் உள்ளே தேடாதீர்கள். அது அடியில் எக்ஸாஸ்ட் மேலுள்ள தகட்டின் வேலை. ஆறியபின் ஸ்டெயின்லெஸ் கிளிப் போட்டு இறுக்கினால் போதும்.

கழற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்குங்கள். உடைந்த கிளிப்பைக் கையோடு கொண்டுபோய்ப் பாகங்கள் கடையில் காட்டுங்கள். அளவு சற்றே தவறினாலும் ஆடும். பலகை ஓரத்தில் அரை மில்லிமீட்டர் துணி டேப், பஞ்சு முகம் வெளியே தெரியும்படி. தடியாக ஒட்டினால் பலகை உப்பிக் கிளிப் மறுபடி பிய்த்துக்கொள்ளும். வயர்களையும் அதே டேப்பால் சுற்றி, இரும்புப் பிராக்கெட்டில் கட்டுங்கள். கதவு ரப்பர் கிறீச்சிட்டால் சிலிக்கோன் கிரீஸ் மெலிதாகத் தடவுங்கள். பெட்ரோலியத்தில் செய்த துரு நீக்கும் எண்ணெயை அடித்தால் ரப்பர் ஊதிக் கெடும்.

சுடுபசை ஒழுக விடும் மேதைகளே, நம் ஊர் வெயிலில் டேஷ்போர்டு எவ்வளவு கொதிக்கும் என்று தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பாத்திரம் கழுவும் பஞ்சைக் கதவுக்குள் திணிப்பவர்களுக்கு, மழைத் தண்ணீர் அதில் தங்கித் தகரம் துருப்பிடிக்கும், வாழ்த்துகள். முன்கண்ணாடி ஓரத்துத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் உள்ளே எதையும் அடைக்காதீர்கள், விரியும் பாதையில் நிற்கிற எதுவும் ஆபத்து. அதைத் திறக்க வேண்டுமென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்துத் தொடுங்கள். இல்லையென்றால் தெரிந்தவரிடம் விடுங்கள். டேஷ்கேம் வயரை இதற்குள் ஏர்பேக்குக்கு முன்னால் சொருகுகிற கடைக்காரர்களைத் தனியாகத் திட்ட வேண்டும், இடம் போதாது.

இதையெல்லாம் முடித்து, துடைத்து, காடியைக் கழுவக் கொடுத்தால், பளபளப்பு எண்ணெயை டேஷ்போர்டு முழுக்கக் கொட்டித் தருகிறார்கள். வெயிலில் முன்கண்ணாடியில் டேஷ்போர்டுதான் தெரிகிறது, ரோடு தெரியவில்லை. சரி, அதையாவது துடைக்கலாம். ஐயா, பிரேக் பெடலுக்கு எதற்கு ஐயா பாலிஷ்?