2012 வாக்கெடுப்பில் பசெஸ்கு பதவி இழந்தாரா?

"ருமேனிய அதிபர் த்ரயான் பசெஸ்குவை 2012-இல் மக்களே ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்" என்ற தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

அந்த ஜூலையில் நாடாளுமன்றம் அவரை இடைநீக்கம் செய்தது. க்ரின் அந்தோனெஸ்கு இடைக்கால அதிபரானார். ஜூலை 29 வாக்கெடுப்பில் 87 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பசெஸ்குவை நீக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் பட்டியலில் உள்ள வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் வந்தால்தான் முடிவு செல்லும். வந்ததோ சுமார் 46 சதவீதம். தன் ஆதரவாளர்களை வாக்குச்சாவடிக்கே போக வேண்டாம் என்று பசெஸ்கு சொன்னதும் இந்த விதியை வைத்துத்தான். பட்டியலில் மொத்தம் எத்தனை பேர் என்பதிலேயே தகராறு வர, விஷயம் இழுத்துக்கொண்டே போய், ஆகஸ்ட் 21 அன்றுதான் வாக்கெடுப்பு செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்புறம் அவர் பதவிக்குத் திரும்பினார்.

74 லட்சம் பேர் அவர் வேண்டாம் என்றது சின்ன விஷயமில்லை. அதை மறைக்கவும் கூடாது, பதவிநீக்கம் என்று திரிக்கவும் கூடாது.

முன்னாள் கப்பல் கேப்டன், புக்கரெஸ்ட் மேயர் என்று வளர்ந்தவர் அவர். 2007-இலும் இதேபோல் இடைநீக்கமாகி, வாக்கெடுப்பில் ஜெயித்துத் திரும்பினார். 2014 டிசம்பரில் இரண்டாவது பதவிக்காலத்தை முழுசாக முடித்த பிறகே க்ளாவுஸ் யோஹானிஸ் அதிபரானார்.